சீட்டு சரி... ஆள் யார்? அமெரிக்க மாநிலங்கள் முதலாளிகளுக்குப் போட்ட சட்டத்தில் மாட்டுவது யார்?

அமெரிக்காவில் ஒரு போலீஸ்காரரையே, "நாட்டில் இருக்க அனுமதி இல்லாதவர்" என்று சொல்லி பிடித்துக்கொண்டு போனார்கள்.

நடந்தது 2025 ஜூலை மாதம். இடம், மெய்ன் மாநிலத்தில் உள்ள ஓல்டு ஆர்ச்சர்டு பீச் என்ற கடற்கரை ஊர். கோடை வந்தால் அங்கு கூட்டம் அலைமோதும். அதைச் சமாளிக்க போலீசில் தற்காலிகமாக ஆள் எடுப்பார்கள். அப்படி வேலைக்கு வந்தவர் ஜமைக்கா நாட்டு வாலிபர் ஒருவர்.

அவர் துப்பாக்கி வாங்கப் போனார். வாங்குபவரின் விவரம் சரிபார்க்கப்பட்டபோது தகவல் மத்திய சர்க்காரின் குடியேற்றத் துறைக்குப் போய்விட்டது. அதிகாரிகள் வந்தார்கள். கைது செய்தார்கள். சுற்றுலா விசாவில் வந்தவர், காலம் முடிந்த பிறகும் திரும்பவில்லை என்பது குற்றச்சாட்டு.

ஊர் போலீசார் திகைத்துப் போனார்கள். "வேலைக்கு எடுக்கும்போதே மத்திய சர்க்காரின் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தோம். 2030-ம் ஆண்டு வரை வேலை பார்க்கலாம் என்று பதில் வந்தது" என்று விளக்கம் கொடுத்தார்கள்.

மத்திய சர்க்கார் என்ன சொன்னது தெரியுமா? அந்தக் கம்ப்யூட்டரை நம்பி ஆள் எடுத்தது பொறுப்பற்ற செயல் என்றது!

கம்ப்யூட்டர் யாருடையது? அதே மத்திய சர்க்காருடையதுதான்.

அதன் பெயர் "ஈ-வெரிஃபை". மெய்ன் மாநிலத்தில் தனியார் முதலாளிகளுக்கு இது கட்டாயம் இல்லை. ஆனால் வேறு பல மாநிலங்களில் இதில் போட்டுப் பார்க்காமல் ஆள் எடுத்தால் கடையின் லைசென்சுக்கே ஆபத்து. சட்டம் போட்டு பல ஆண்டுகள் ஓடிவிட்டன. அதில் யார் மாட்டுகிறார்கள், யார் தப்புகிறார்கள் என்று பார்த்தால் கதை வேறு மாதிரி இருக்கிறது.

1986-ல் ஆரம்பம்

அனுமதி இல்லாதவருக்கு வேலை கொடுத்தால் பொதுவாக முதலாளிக்கு மத்திய சட்டத்தில் தண்டனை இல்லாமல் இருந்தது. பிடிபட்டால் தொழிலாளியைத்தான் நாடு கடத்துவார்கள். முதலாளி மறுநாளே வேறு ஆளை வைத்துக்கொள்வார்.

1986 நவம்பரில் ஜனாதிபதி ரீகன் கையெழுத்துப் போட்ட சட்டம் இதை மாற்றியது. தெரிந்தே அனுமதி இல்லாதவரை வேலைக்கு வைத்தால் முதலாளிக்கு அபராதம். அதோடு, புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் "ஐ-9" என்ற படிவம் நிரப்பவேண்டும். அமெரிக்கக் குடிமகனாக இருந்தாலும் இதில் விலக்கு இல்லை.

வேலைக்கு வருபவர் பாஸ்போர்ட்டோ, பச்சை அட்டையோ காட்டலாம். இல்லாவிட்டால் டிரைவிங் லைசென்சும், சோஷியல் செக்யூரிட்டி நம்பர் அட்டையும் சேர்த்துக் காட்டலாம். முதலாளி வாங்கிப் பார்த்து, "அசல் மாதிரி தெரிகிறது" என்று எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும்.

"மாதிரி தெரிகிறது" என்றால் போதுமாம்! விடுவார்களா? போலி அட்டை அடிக்கும் தொழில் கிடுகிடுவென்று வளர்ந்தது.

அதைத் தடுக்க 1996-ல் இன்னொரு சட்டம் வந்தது. 1997-ல் 5 மாநிலங்களில் சோதனை முறையில் ஒரு ஏற்பாடு தொடங்கியது. பெயர், பிறந்த தேதி, நம்பர் ஆகியவற்றை மத்திய சர்க்காரின் கணக்கோடு ஒத்துப் பார்ப்பதே அந்த ஏற்பாடு. 2007-ல் அதற்கு "ஈ-வெரிஃபை" என்று பெயர் வைத்தார்கள்.

சேருவது முதலாளியின் விருப்பம் என்றது மத்திய சர்க்கார். தன்னிடம் காண்டிராக்ட் எடுக்கும் கம்பெனிகளுக்கு மட்டும் 2009-ல் இருந்து கட்டாயம் ஆக்கியது.

லைசென்சில் கை வைத்தார்கள்

"விருப்பமாவது, ஒன்றாவது... எல்லோரும் சேர்ந்தே ஆகவேண்டும்" என்று முதலில் இறங்கியது மெக்சிகோ எல்லையில் உள்ள அரிசோனா மாநிலம். 2007-ல் சட்டம் நிறைவேறியது. கவர்னர் ஜேனட் நபாலிடானோ கையெழுத்துப் போட்டார். 2008 ஜனவரி 1-ந் தேதி அமலுக்கு வந்தது.

1986 சட்டத்தில் ஒரு தடை இருந்தது. இந்த விஷயத்தில் முதலாளிகளுக்கு மாநிலங்கள் தனியாகத் தண்டனை விதிக்கக்கூடாது. ஆனால் அடைப்புக்குறிக்குள் ஒரு விலக்கும் இருந்தது. லைசென்சு சம்பந்தப்பட்ட நடவடிக்கை எடுக்கலாம்!

அரிசோனா அந்த அடைப்புக்குறிக்குள் புகுந்தது. தெரிந்தே அனுமதி இல்லாதவரை வைத்தால், முதல் தடவை 10 நாள் வரை லைசென்சை நிறுத்தி வைக்கலாம். கண்காணிப்புக் காலத்தில் மறுபடியும் மாட்டினால் லைசென்சு ரத்து. கடையை மூடவேண்டியதுதான்.

வர்த்தக சபையினர் கோர்ட்டுக்குப் போனார்கள். 2011 மே 26-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொன்னது. 5 நீதிபதிகள் சட்டம் செல்லும் என்றார்கள். 3 பேர் செல்லாது என்றார்கள். அரிசோனா ஜெயித்தது.

அந்த நேரத்தில் மற்ற மாநிலங்களும் வரிசை கட்டின. மிசிசிப்பி 2008-லேயே சட்டம் போட்டு இருந்தது. 2011-ல் ஜார்ஜியாவும் அலபாமாவும் சட்டம் போட்டன. புளோரிடாவில் 2023 ஜூலை 1-ந் தேதி முதல் 25 பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கும் தனியார் கம்பெனிகளுக்குக் கட்டாயம். கலிபோர்னியா நேர் எதிர்த் திசையில் போனது. ஊராட்சிகள், நகரசபைகள் முதலாளிகளைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2011-ல் சட்டம் போட்டது.

சட்டத்தை ஆதரிப்பவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அனுமதி இல்லாதவரை அரை சம்பளத்துக்கு வைத்து வேலை வாங்கும் முதலாளியோடு, ஒழுங்காகச் சம்பளம் கொடுக்கும் முதலாளி எப்படிப் போட்டி போட முடியும்? உள்ளூர்த் தொழிலாளியின் கூலியும் உயராது. வேலை கிடைக்காது என்று தெரிந்தால் ஆள் வருவது தானாகவே குறையும் என்பது அவர்கள் வாதம்.

நடைமுறையில் என்ன ஆனது?

கோழிக் கம்பெனியில் 680 பேர்

2019 ஆகஸ்டு 7-ந் தேதி. மிசிசிப்பி மாநிலத்தில் கோழி இறைச்சித் தொழிற்சாலைகளை மத்திய அதிகாரிகள் ஒரே நேரத்தில் சுற்றி வளைத்தார்கள். ஒரே நாளில் சுமார் 680 தொழிலாளர்கள் பிடிபட்டார்கள். பஸ் பஸ்ஸாக ஏற்றிக்கொண்டு போனார்கள்.

பள்ளிக்கூடங்கள் திறந்த நேரம் அது. சாயங்காலம் வீடு திரும்பிய பிள்ளைகள் பலருக்கு அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. ஒரு ஊரில் பிள்ளைகளை உடற்பயிற்சிக் கூடத்தில் தங்கவைத்து, அக்கம்பக்கத்தார் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தார்கள்.

கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. "ஈ-வெரிஃபை" கட்டாயம் என்று சட்டம் போட்ட மாநிலம் இது. 2011-க்குள் சிறிய கடை முதல் பெரிய ஆலை வரை எல்லாருக்கும் அந்தச் சட்டம் பொருந்திவிட்டது. அப்படியும் ஒரே நாளில் 680 பேர்!

சோதனைக்கு முன்பு அதிகாரிகள் கோர்ட்டில் கொடுத்த மனுவில் ஒரு தகவல் இருந்தது. தொழிலாளர்கள் சிலர், காலில் கண்காணிப்புக் கருவியோடு வேலைக்கு வந்தார்களாம். குடியேற்ற வழக்கு நடக்கும்போது ஆள் ஓடிவிடக்கூடாது என்று மாட்டிவிடும் கருவி அது. அதைக் காலில் பார்த்த மேஸ்திரிக்கு, ஆள் யார் என்று தெரியாமலா இருந்து இருக்கும்?

தொழிலாளர்கள் பிடிபட்டு ஒரு ஆண்டு கழித்து, 2020 ஆகஸ்டில்தான் நிர்வாகத் தரப்பினர் மீது குற்றச்சாட்டு வந்தது. எத்தனை பேர் மீது? 4 பேர் மீது. ஒரு பக்கம் 680. இன்னொரு பக்கம் 4.

மறுபடியும் அதே கதை

2025 ஜூன் 10-ந் தேதி நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாகா நகரில் ஒரு இறைச்சித் தொழிற்சாலையில் சோதனை நடந்தது. 70-க்கும் மேற்பட்டவர்கள் பிடிபட்டார்கள்.

முதலாளி தலையில் கை வைத்தார். ஒவ்வொரு ஆளையும் "ஈ-வெரிஃபை"யில் போட்டுப் பார்த்துத்தான் எடுத்ததாகச் சொன்னார். முதலாளி மோசடியில் பாதிக்கப்பட்டவர்தான் என்று அதிகாரிகளும் ஒப்புக்கொண்டார்கள். வேறு அமெரிக்கர்களின் பெயரையும் நம்பரையும் திருடி, அதைக் காட்டி வேலையில் சேர்ந்து இருந்தார்கள் என்பது அதிகாரிகள் தரப்புத் தகவல்.

மெஷின் எதைப் பார்க்கிறது?

சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. இந்தக் கம்ப்யூட்டர் ஆளைப் பார்ப்பது இல்லை. சீட்டைத்தான் பார்க்கிறது.

இல்லாத ஒரு நம்பரை அடித்து வந்தால் பிடித்துவிடும். ஆனால் உயிரோடு இருக்கும் ஒரு அமெரிக்கரின் பெயரையும், பிறந்த தேதியையும், நம்பரையும் கொண்டுவந்தால்? மூன்றும் ஒத்துப்போகும். "வேலைக்குத் தகுதி உண்டு" என்று பதில் வந்துவிடும். பாஸ்போர்ட், பச்சை அட்டை காட்டினால் படத்தை ஒப்பிட வழி உண்டு. டிரைவிங் லைசென்சு காட்டுபவருக்கு அந்தப் பயம் இல்லை.

மத்திய சர்க்காருக்காக வெஸ்டாட் என்ற நிறுவனம் ஆராய்ந்து 2009-ல் அறிக்கை கொடுத்தது. அனுமதி இல்லாத தொழிலாளர்களில் சுமார் 54 சதவீதம் பேரை இந்த ஏற்பாடு "தகுதி உண்டு" என்று தவறாகச் சொல்லிவிட்டதாக அதில் மதிப்பிட்டு இருந்தார்கள். அதாவது பாதிக்கு மேல் கோட்டை விட்டாச்சு! அதற்குப் பிறகு திருத்தங்கள் செய்தார்கள். ஆனால் அடுத்தவர் பெயரில் வருபவரைப் பிடிப்பது இன்றைக்கும் சிரமமாக இருக்கிறது என்பதற்கு ஒமாகாவே சாட்சி.

இன்னொரு வேடிக்கை. சட்டம் போட்டது மாநிலம். மெஷின் மத்திய சர்க்காருடையது. பட்ஜெட் தகராறில் மத்திய சர்க்கார் ஆபீசுகள் மூடப்பட்டால் மெஷினும் நின்றுவிடலாம். 2018 டிசம்பரில் இருந்து 2019 ஜனவரி வரை 35 நாள் அப்படித்தான் ஆனது. அந்த நாட்களில் ஆள் எடுத்தவர்கள், மெஷின் திரும்பி ஓடும்வரை காத்துக்கிடந்தார்கள்.

முதலாளிக்குக் கேடயம்

இந்தச் சட்டங்களின் உயிர்நாடி "தெரிந்தே" என்ற ஒரு சொல். தெரிந்தே வேலை கொடுத்தால்தான் குற்றம். அரிசோனா சட்டப்படி, "ஈ-வெரிஃபை"யில் போட்டுப் பார்த்தவர் தெரிந்து செய்யவில்லை என்றுதான் முதலில் எடுத்துக்கொள்வார்கள். தெரிந்துதான் செய்தார் என்று நிரூபிக்கும் வேலை சர்க்கார் தரப்புக்கு.

ஆக, மெஷினில் வந்த சீட்டு முதலாளிக்குக் கேடயம். கேட்டால் சீட்டைக் காட்டுவார். அரிசோனாவில் முதல் சில ஆண்டுகளில் முதலாளிகள் மீது வந்த வழக்குகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

கெட்டிக்கார முதலாளிகள் இன்னொரு வழியும் கண்டுபிடித்தார்கள். நேராக ஆள் வைக்காமல் காண்டிராக்ட் விட்டுவிடுவது. "அவர் என் ஆள் இல்லை, மேஸ்திரியோட ஆள்" என்று சொல்லிவிடலாம் அல்லவா?

கலிபோர்னியாவில் உள்ள ஒரு ஆராய்ச்சி நிலையம் 2011-ல் அரிசோனா நிலவரத்தை ஆராய்ந்து வெளியிட்டது. சட்டம் வந்த பிறகு, குடியுரிமை இல்லாத ஹிஸ்பானிய மக்களில் சுமார் 92,000 பேர், அதாவது 17 சதவீதம் பேர் அந்த மாநிலத்தில் குறைந்தார்கள் என்று அதில் கண்டு இருந்தார்கள். ஆக, சட்டத்துக்குப் பலன் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் போகாமல் தங்கியவர்கள்? அவர்களில் நிறையப் பேர் "சொந்தத் தொழில்" என்ற பெயரில் கூலி வேலைக்குப் போனார்கள். அடிபட்டால் நஷ்டஈடு கேட்க முடியாது. சம்பளம் கொடுக்காவிட்டால் புகார் செய்யப் பயம்.

மிசிசிப்பி சட்டத்தைப் பாருங்கள். 2008-ல் எழுதியபோது, அனுமதி இல்லாமல் வேலை பார்த்த தொழிலாளிக்கு 1 ஆண்டு முதல் 5 ஆண்டு வரை ஜெயில் என்றார்கள். முதலாளிக்கு? 1 ஆண்டு வரை லைசென்சு ரத்து, 3 ஆண்டு வரை சர்க்கார் காண்டிராக்ட் கிடையாது. ஜெயில் இல்லை. தொழிலாளியை ஜெயிலில் போடும் இதே மாதிரி அரிசோனா பிரிவு ஒன்றை 2012-ல் சுப்ரீம் கோர்ட்டு ரத்து செய்தது.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். இங்கே அம்புக்குத்தான் விலங்கு.

வயலில் ஆள் இல்லை

ஜார்ஜியாவில் 2011-ல் சட்டம் வந்ததும் தோட்டக்காரர்கள் கையைப் பிசைந்தார்கள். வெங்காயம், பழம் பறிக்க ஆள் வரவில்லை. விவசாய வேலையில் 11,000-க்கு மேற்பட்ட காலி இடங்கள் இருப்பதாக மாநில சர்க்கார் எடுத்த கணக்கில் தெரிந்தது. ஜெயிலுக்கு வெளியே கண்காணிப்பில் இருக்கும் குற்றவாளிகளை வயலுக்கு அனுப்பலாம் என்று கவர்னர் நேதன் டீல் யோசனை சொன்னார். அனுப்பியும் பார்த்தார்கள். பலர் வெயில் தாங்காமல் பாதி நாளிலேயே போய்விட்டார்கள்.

வட கரோலினா வேறு மாதிரி சமாளித்தது. 9 மாதம் வரை மட்டும் வேலை பார்க்கும் தற்காலிக ஆட்களைப் பரிசோதிக்கத் தேவை இல்லை என்று 2013-ல் விலக்கு கொடுத்துவிட்டது. அறுவடை 9 மாதத்துக்குள் முடிந்துவிடும் அல்லவா! ஒரு கையால் சட்டம். மறு கையால் விலக்கு.

சின்ன முதலாளிகள் பாடுதான் திண்டாட்டம். சரியாகப் பார்க்காவிட்டால் லைசென்சு போகும். ஆள் கருப்பாக இருக்கிறார், பேச்சு வேறு மாதிரி இருக்கிறது என்று கூடுதலாக ஒரு அட்டை கேட்டால், பாகுபாடு காட்டியதாக 1986 சட்டப்படியே வழக்கு வரும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் அடி.

நம்ம ஊர் இனிஷியல்

"அமெரிக்காக்காரன் சண்டை, நமக்கு எதுக்கு?" என்று கேட்கலாம். சம்பந்தம் உண்டு.

என்ஜினீயரிங், விஞ்ஞானம் படிக்கப் போகும் நம் பிள்ளைகள், படிப்பு முடிந்ததும் ஒரு ஆண்டு அங்கே வேலை பார்க்கலாம். அதற்கு மேல் 24 மாதம் நீட்டிப்பு வேண்டுமானால் ஒரு நிபந்தனை. வேலை கொடுக்கும் கம்பெனி "ஈ-வெரிஃபை"யில் சேர்ந்து இருக்கவேண்டும். சேராத கம்பெனி எவ்வளவு சம்பளம் கொடுத்தாலும் நீட்டிப்பு கிடைக்காது.

அடுத்த சிக்கல் பெயரில் வருகிறது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயர்தான் இனிஷியல். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், விசாவில் அவருடைய பெயரே குடும்பப் பெயர் ஆகிவிடும். முதல் பெயர் இடத்தில் "பெயர் தெரியவில்லை" என்பதன் சுருக்கமாக மூன்று எழுத்து விழும். பிறகு டிரைவிங் லைசென்சில் ஒரு பெயர், சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் ஒரு பெயர், விசாவில் ஒரு பெயர் என்று ஆகிவிட்டால் மெஷினுக்குக் குழப்பம். "பொருந்தவில்லை" என்று பதில் வரலாம். ஒழுங்காக வேலை பார்க்கும் பையன் ஒரு நிமிஷத்தில் சந்தேக ஆசாமி!

இந்த மாதிரித் தவறு, அமெரிக்காவில் பிறந்தவர்களைவிட வெளிநாட்டில் பிறந்து அங்கே குடிமகன் ஆனவர்களுக்குத்தான் அதிகம் வருகிறது என்று ஆய்விலேயே சொல்லி இருக்கிறார்கள்.

அப்படி வந்தால் பயந்து வேலையை விட்டுவிடக் கூடாது. "பொருந்தவில்லை" என்பது இறுதி முடிவு அல்ல. முதலாளி அதை எழுத்துமூலம் தனியாகத் தெரிவிக்கவேண்டும். தொழிலாளி ஆட்சேபித்தால், உரிய ஆபீசை அணுக மத்திய சர்க்காரின் 8 வேலை நாட்கள் அவகாசம் உண்டு. அந்த விசாரணை முடியும்வரை வேலையை விட்டு நிறுத்தக்கூடாது. சம்பளத்தைக் குறைக்கக்கூடாது. இது அந்த ஏற்பாட்டிலேயே உள்ள விதி.

பிள்ளையை அனுப்பும் பெற்றோர், பாஸ்போர்ட்டில் பெயரை இரண்டாகப் பிரித்து எழுதி, மற்ற எல்லா அட்டையிலும் அதே எழுத்துக்கூட்டலில் வாங்கச் சொல்வது நல்லது. நாலணா வேலைதான். பிறகு நாலு மாத அலைச்சல் மிச்சம்.

பொறுப்பு யாருக்கு?

ஆள் யார் என்று சோதிக்கவேண்டியது சர்க்காரின் வேலை. அதை முதலாளியின் மேஜைக்குத் தள்ளினார்கள். முதலாளி அதை மெஷினுக்குத் தள்ளினார். மெஷின் சீட்டு அடித்துக் கொடுத்தது. தப்பு நடந்தால் சீட்டு கொடுத்தவரே "அதை ஏன் நம்பினாய்?" என்று கேட்கிறார்.

ஓல்டு ஆர்ச்சர்டு பீச் வாலிபர், சொந்தச் செலவில் நாட்டைவிட்டுப் போக கோர்ட்டில் சம்மதித்தார். அந்த ஊர் போலீசில் அவர் இடம் காலி. அடுத்து வருபவரின் பெயரையும் போட்டுப் பார்க்க இருப்பது அதே கம்ப்யூட்டர்தான்!